‘கோணங்கி’ என்னும் சொல்லுக்குக் கோமாளி என்பது மட்டும்தான் பொருளா?

சொல்தேடி:
பாரதியாரின் பாடல்களுள் ஒன்றுக்குப் ‘புதிய கோணங்கி’ என்று தலைப்பு. குடுகுடு என்ற ஒலியோடு தொடங்கி, நல்ல காலம் வருகிறது, சாதிகள் சேர்கின்றன, சண்டைகள் தொலைகின்றன என்று வேதபுரத்தாருக்கு, அதாவது புதுச்சேரி மக்களுக்கு, குறி சொல்லும் பாடல் அது. இந்தப் பாடலை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் தலைப்பிலேயே தடை ஏற்படுகிறது. கோணங்கி என்றால் கோமாளி என்று அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதனால் பாடல் முழுவதையும் கேலிப்பாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘படிச்சவன் சூதும் பாவமும் பண்ணினால் போவான், போவான், ஐயோவென்று போவான்’ என்ற சாபம்கூட அவர்கள் காதில் விகடமாக விழுகிறது. அதைக் கவிஞர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கூத்து மேடையின் கோமாளிக்கும் தெருவில் குறி சொல்லி வருபவருக்கும் ஒரே பெயர் எப்படி அமைந்தது? இது ஒரே சொல்லின் இரண்டு பொருள்களா, அல்லது வேறு வேறு சொற்கள் ஒலியால் ஒன்றாகிப் போனவையா? மேடைப் பொருள் முந்தியதா, தெருப் பொருள் முந்தியதா? இவற்றை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஆலமரத்தடி:
சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இரண்டு பொருளும் உண்டு: கூத்தில் வரும் கோமாளி, குடுகுடுப்பைக்காரன். எங்கள் பக்கத்துப் பேச்சில் மூன்றாவதாக ஒரு பயன்பாடும் இருக்கிறது. முகத்தைச் சுளித்து வலிப்புக் காட்டும் பிள்ளையைப் பார்த்து, ‘என்னடா கோணங்கி பண்ணுகிறாய்’ என்பார்கள். அங்கே ஆளின் பெயர் செயலின் பெயராகி நிற்கிறது. ‘கோணங்கித்தனம்’ என்ற சொல்லும் இவ்வழியில் வந்ததே.

காவிரிக்கரையாள்:
ஐயா, அகராதி தரும் ‘கோமாளி’ என்ற பொருள் பிழையில்லை, ஆனால் போதாது. இந்தச் சொல்லை இன்றும் மேடையின் தொழிற்சொல்லாக வழங்கும் ஊர் ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் கோயில் முன்பாக நடைபெறும் பாகவத மேளாவைத்தான் சொல்கிறேன். நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர் வழங்கிய நிலத்தில் குடியேறிய குடும்பங்களின் வழியாக வளர்ந்த கலை அது. அதனால் அவ்வூருக்கு அச்சுதபுரம் என்ற பெயரும் இருந்தது. மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய ‘பிரகலாத சரித்திரம்’ முதலான நாடகங்களே அங்கு ஆடப்படுகின்றன. மொழி தெலுங்கு, பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர், பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள்.

அந்த மேடைக்கு முதலில் வருபவர் இரணியனும் அல்லர், பிரகலாதனும் அல்லர், கணபதியும் அல்லர்; கோணங்கிதான். கூம்பு வடிவத் தொப்பியோடு வந்து, தாளத்துக்கு ஏற்பத் துள்ளி ஆடி, கூட்டத்தை அமைதியாக இருக்கச் செய்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகே தோடய மங்கலம் பாடுவார்கள். யானை முகமூடி அணிந்த சிறுவன் கணபதியாக வருவான். அதற்குப் பின்புதான் கதை தொடங்கும். கதைக்குள் நகைச்சுவை வேண்டிய இடங்களில் வருபவர் வேறொருவர். இரணியனின் வருகையை அறிவிக்கும் கட்டியக்காரன் அவர். கோணங்கிக்குக் கதையில் உறவு கிடையாது, பகை கிடையாது, பெயரும் கிடையாது.

ஆகவே கோணங்கியைக் கோமாளி என்று மொழிபெயர்த்துவிட்டால், இந்தக் கலைஞரின் உண்மையான வேலை மறைந்துவிடுகிறது. சிரிக்க வைப்பது அவர் பயன்படுத்தும் வழி. கலைந்து கிடக்கும் கூட்டத்தை அவையாக மாற்றுவது அவர் கடமை. வட மாவட்டத் தெருக்கூத்தின் கட்டியங்காரனோடு இவரை ஒன்றாக வைத்து எழுதும் வழக்கமும் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. கட்டியங்காரன் விடியும்வரை மேடையில் இருப்பவன். திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனிடம் ‘தாங்கள் யார்’ என்று கேட்பவன். தேவைப்பட்டால் அமைச்சனாகவும் காவலனாகவும் மாறுபவன். கட்டியம் கூறுதல் என்ற அரண்மனைத் தொழிலிலிருந்து அவன் பெயர் வந்தது. திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் கட்டியக்காரன் வருகிறான், அங்கும் அறிவிப்பதே அவன் வேலை. கோணங்கி எதையும் அறிவிப்பதில்லை.

வைகைக்கரை:
அம்மா எழுதிய செய்திகளுக்கு நன்றி. ஆனால் எங்கள் மதுரை, தேனி, விருதுநகர் வட்டாரங்களில் இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய இன்னொரு சொல் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முழுமை அடையாது. அது ‘கோடாங்கி’. உடுக்கை அடித்துப் பாடி, அருள் வந்து குறி சொல்பவர் கோடாங்கி. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் தணியவில்லை என்றாலும், மாடு காணாமல் போனாலும், மருமகள் கனவில் பயந்து எழுந்தாலும், ‘கோடாங்கி பார்த்தாயா’ என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். தேனிக்கும் போடிக்கும் இடையில் கோடாங்கிபட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது.

இவருக்கும் விகடத்துக்கும் துளியும் தொடர்பில்லை. ஊரார் அச்சத்தோடும் மரியாதையோடும் அணுகும் மனிதர் அவர். குடுகுடுப்பைக்காரரைக் குறிக்கும் கோணங்கி என்பது இந்தக் கோடாங்கியின் திரிபு என்பதும், கூத்தின் கோணங்கி முற்றிலும் வேறு சொல் என்பதும் என் கருத்து. இருவரும் தோல் கருவி வைத்திருக்கிறார்கள், இருவரும் குறி சொல்கிறார்கள். பெயரும் ஓர் எழுத்தளவில்தான் மாறுகிறது.

சொல்தேடி:
வைகைக்கரை ஐயா சொல்வது ஏற்கத் தக்கதாகவே தோன்றுகிறது. ஆயினும் சொல்லின் பிறப்பைப் பார்த்தால்தான் இதைத் தீர்க்க முடியும். ‘கோணங்கி’ என்பதைக் கோண் + அங்கி என்று பிரிப்பது சரியா? அப்படியானால் அங்கி என்பது உடையா, உடம்பா?

ஏட்டுச்சுவடி:
கோண் என்பதில் ஐயம் இல்லை. கோணுதல் என்றால் வளைதல், திருகுதல். கோணல், கோணை என்பனவெல்லாம் அதன் வழி வந்தவை. சிக்கல் பிற்பகுதியில்தான் இருக்கிறது. அங்கி என்பதை நீண்ட மேலுடை என்று கொண்டால், தாறுமாறான உடை அணிந்தவன் என்று பொருள்படும். குடுகுடுப்பைக்காரருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. கேட்டு வாங்கிய பழந்துணிகளைத் தோளிலும் உடம்பிலும் சுமந்தபடி வருவதும், தலையில் பெரிய பாகை கட்டுவதும் அவர்களின் அடையாளம். அங்கம் என்பதிலிருந்து அங்கி, அதாவது உடம்பை உடையவன், என்று கொண்டால், உடம்பைக் கோணிக் காட்டுபவன் என்று பொருள்படும். இது மேடையில் ஆடுபவருக்குப் பொருந்துகிறது.

இரண்டாவது விளக்கத்துக்கே என் ஆதரவு. காரணம் சொல்கிறேன். இந்திய நாடக மரபில் சிரிப்பூட்டுபவனின் உடல் தொடக்கம் முதலே கோணலாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் விதூஷகனின் தோற்றத்தை வருணிக்கும்போது குள்ளம், நீண்ட பல், கூன், விகாரமான முகம், வழுக்கை என்று அடுக்குகிறது. முதல் நாடக அரங்கேற்றத்தின்போது தேவர்கள் ஆளுக்கொரு பொருளைப் பரிசளித்ததாக அந்நூல் சொல்லும் கதையில், பிரமன் தருவது குடிலகம் என்னும் வளைந்த கோல். அதை விதூஷகனின் கோலாகவே உரைகாரர் விளக்குகிறார். உடலும் கோலும் வளைந்திருக்க, பேச்சும் நேர்வழியில் செல்வதில்லை. கோணுதலைப் பெயரிலேயே வைத்த தமிழ்ச் சொல் இந்தக் கற்பனையோடு இயல்பாக இணைகிறது. வடமொழிச் சொல்லின் மொழிபெயர்ப்பு இது என்று நான் சொல்லவில்லை. மேடை பற்றிய பொதுவான எண்ணம் இரண்டு மொழிகளிலும் வெளிப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வைகைக்கரை ஐயாவின் கோடாங்கியைப் பற்றி ஒன்று. கோடு என்பதும் தமிழில் வளைதலைக் குறிக்கும் வினைதான். ‘கோடாமை சான்றோர்க் கணி’ என்று வள்ளுவர் சொல்லும்போது, நடுவுநிலையிலிருந்து வளையாமையையே அணி என்கிறார். எனவே கோண் என்பதற்கும் கோடு என்பதற்கும் பொருளில் வேறுபாடு மிகக் குறைவு. இரண்டு சொல்லும் தனித்தனியே பிறந்தவை என்று முடிவு கட்டுவதற்கு ஒலி வேறுபாடு மட்டும் போதாது.

துங்கைநாட்டுத் தமிழன்:
பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் கன்னடப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா குறிப்பிட்ட ண, ட மாற்றம் அங்கே கண்முன் இருக்கிறது. கன்னடத்தில் இந்தச் சொல் ‘கோடங்கி’. பொருளோ கோமாளி, ஏமாளி. கடன் கொடுத்தவன் படும் பாட்டைச் சொல்லும் பழமொழி ஒன்று எல்லார் வாயிலும் உண்டு: ‘கொட்டவனு கோடங்கி, இஸ்கொண்டவனு ஈரபத்ர’. கொடுத்தவன் கோடங்கியாக நிற்கிறான், வாங்கியவன் வீரபத்திரனாக எகிறுகிறான் என்பது அதன் கருத்து.

காவிரிக்கரையாள் அம்மாவுக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி இனிமேல்தான் வருகிறது. கரையோரக் கன்னட மாவட்டங்களின் கூத்து வடிவமான யட்சகானத்தில் கதை தொடங்குவதற்கு முன்பு பூர்வரங்கம் என்ற பகுதி உண்டு. அதில் முதலில் ஆட வருபவர்களின் பெயர் கோடங்கி. மேளம் எனப்படும் ஆட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிறுவர்களே அந்த வேடத்தை ஏற்பார்கள். எளிய உடை, எளிய அடவுகள். கூட்டத்தின் முன் நின்று பழகுவதற்கான முதற்படி அது. அதில் தேறிய பிறகு பாலகோபால வேடம், அதன் பின் பெரிய வேடங்கள் என்று படிப்படியாக ஏறுவார்கள். கதைக்குள் மக்களைச் சிரிக்க வைக்கும் தேர்ந்த நடிகருக்கு வேறு பெயர் இருக்கிறது. அவரை ஹாஸ்யகாரர் என்பார்கள். மேலட்டூரில் அம்மா காட்டிய அதே வேறுபாடு, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வேறு மொழியில், வேறு மக்களிடையே அப்படியே இருக்கிறது.

கன்னடத்தில் குரங்குக்குக் ‘கோடக’ என்று பெயர். பழந்தமிழிலும் கோடரம் என்றால் குரங்கு. அதனால் கோடங்கி என்பது குரங்குச் சேட்டை செய்பவன் என்ற பொருளில் வந்திருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் சொல்ல முடியும்.

ஏட்டுச்சுவடி:
குரங்கு என்ற தமிழ்ச் சொல்லுக்கே வளைதல் என்ற வினைப்பொருள் உண்டு. ஆகவே குரங்கு வழியாகப் போனாலும் நாம் மீண்டும் வளைவுக்கே வந்து சேர்கிறோம்.

கீரிமலை வாசகன்:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சொல் எங்கள் தீவில் தமிழர்களிடம் மட்டும் தங்கிவிடவில்லை. சிங்களவரின் பழைய நாட்டுப்புற நாடக வடிவமான ‘நாடகம’ தமிழ்க் கூத்திலிருந்து உருவானது. அதன் பெயரே அதைக் காட்டும். 1956இல் எதிரிவீர சரத்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றிப் புகழ்பெற்றது இந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டுதான். பழைய நாடகமவில், பொத்தே குரு என்னும் ஏட்டண்ணாவியார், அதாவது கூத்தை நடத்துபவர், தொடங்கிவைத்த பிறகு, கதைக்கு முன்பாகச் சில நிலையான வேடங்கள் ஒவ்வொன்றாக வரும். அவற்றுள் ஒன்று கோணங்கி. தமிழ்ப் பெயரை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். இன்றும் சிங்கள அகராதிகளில் கோமாளியைக் குறிக்கும் சொற்களுள் அது இடம்பெறுகிறது.

ஆகவே மேலட்டூர், யட்சகானம், நாடகம ஆகிய மூன்று இடங்களிலும் கதைக்கு முன் வருபவருக்கே இந்தப் பெயர் இருக்கிறது. பொதுவான கோமாளிப் பெயராக மட்டும் இருந்திருந்தால், கதைக்குள் வரும் விகடனுக்கும் அது எங்காவது ஒட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றில் அவ்வாறு நடக்காதது எனக்கு வலுவான சான்றாகத் தெரிகிறது.

எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் கட்டியகாரன் உண்டு. கோணங்கி என்ற பெயரை அங்கே நான் கேட்டதில்லை. தமிழரின் மேடையில் அருகிப்போன பெயர் அயல்மொழி மேடையில் தங்கியிருப்பது ஆராய்ச்சிக்குரிய செய்தி.

வைகைக்கரை:
மேடைப் பொருளைப் பற்றி இனி எனக்கு மறுப்பில்லை. ஆனால் குறிசொல்லியின் பெயர் அதிலிருந்து வந்தது என்று யாராவது சொல்ல முற்பட்டால் நான் ஒப்பமாட்டேன். எங்கள் ஊர்களில் அந்த உடுக்கைக்கே கோடாங்கி என்ற பெயர் உண்டு. கருவியின் பெயரே அதை வாசிப்பவரின் பெயராயிற்று. உடுக்கையின் நடுவே இடை ஒடுங்கி இருபுறமும் வளைந்திருப்பதை யாரும் பார்க்கலாம். கோடுதல் என்ற வினை அங்கே கருவியின் வடிவத்தைச் சொல்கிறது; மனிதனின் உடம்பையோ உடையையோ சொல்லவில்லை. தமிழ் வேர் ஒன்றே ஆனாலும், ஒன்று கருவி வழியாக வந்த பெயர், மற்றொன்று ஆட்டத்தின் வழியாக வந்த பெயர். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் அடைத்தால், அருள்வாக்கு சொல்லும் பெரியவர் கோமாளி என்ற சொல்லுக்கு அடுத்த வரியில் போய் நிற்க நேரிடும். அது மொழியியல் பிழை மட்டுமன்று; அவரை நம்பி வாழும் மக்களை மதியாத செயலும் ஆகும்.

துங்கைநாட்டுத் தமிழன்:
குடுகுடுப்பைக்காரரும் விடியற்காலையில், நாள் தொடங்குமுன் வருகிறார். மேடைக் கோணங்கியும் கதை தொடங்குமுன் வருகிறார். ‘முன்வருபவர்’ என்ற பொருளில் இரண்டையும் இணைக்க முடியாதா?

ஏட்டுச்சுவடி:
கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சொல்லின் உறுப்புகளில் ‘முன்’ என்ற பொருளைத் தரும் பகுதி எதுவும் இல்லை. இத்தகைய ஒற்றுமைகளை நாம் பின்னால் இருந்து பார்த்துக் கட்டுகிறோம். சொல்லை முதலில் வழங்கியவர்கள் அவ்வாறு எண்ணினார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

காவிரிக்கரையாள்:
வைகைக்கரை ஐயாவின் அக்கறையை முழுமையாக மதிக்கிறேன். கோடாங்கியைத் தனிச்சொல்லாக வைப்பதே நியாயம். ஆனால் குடுகுடுப்பைக்காரரைக் குறிக்கும் கோணங்கி என்ற சொல்லையும் அவர் கோடாங்கியின் பக்கம் இழுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடாங்கியிடம் மக்கள் தேடிப் போகிறார்கள். அவர் தம் ஊரில் அமர்ந்திருப்பவர். குடுகுடுப்பைக்காரர் வாசல் வாசலாக வருபவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்களில் பலர். தெலுங்கிலும் கோணங்கி என்ற சொல் இருக்கிறது. சார்லஸ் பிலிப் பிரௌன் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த தெலுங்கு அகராதியில் அதற்குத் தரப்படும் பொருள் விகடன், கோமாளி என்பதே. வண்ணத் துணியும் பெரிய பாகையும் அணிந்து, தாளத்தோடு ஆடி, வேகமாக அடுக்கிப் பேசும் அந்த மனிதரை, மேடைக் கோணங்கியைப் பார்த்துப் பழகிய மக்கள் அதே பெயரால் அழைத்திருப்பார்கள் என்பது இயல்பாகத் தோன்றுகிறது.

இதற்குப் பாரதியே சாட்சி தருகிறார். அதே ‘புதிய கோணங்கி’ என்ற தலைப்பில் அவர் உரைநடைச் சித்திரம் ஒன்றும் எழுதியிருக்கிறார். வேதபுரத்தில் புதுமாதிரியான குடுகுடுப்பைக்காரன் ஒருவன் புறப்பட்டிருக்கிறான் என்று அது தொடங்குகிறது. அவன் உடம்பின் மேல் துணி மூட்டை சுமப்பதில்லை, வெள்ளை வேட்டியும் சட்டையும் அணிந்திருக்கிறான், தலையில் சிவப்புத் துணியால் பெரிய பாகை கட்டியிருக்கிறான், தாளத்தில் மகா கெட்டிக்காரன் என்றெல்லாம் விவரிக்கிறார். கோணங்கியை அவர் உடையாலும் தாளத்தாலும் அடையாளம் காட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். புதியவன் என்று சொல்வதற்குப் பழைய துணிமூட்டை இல்லாததையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார். கருவியைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு என்றாலும், காட்சியில் முந்தி நிற்பது வேடம்தான்.

சொல்தேடி ஐயா முதலில் கேட்ட கேள்விக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. அந்தப் பாடலின் கோணங்கி குடுகுடுப்பைக்காரர் என்பதில் ஐயமே இல்லை. அவர் வாக்கு விளையாட்டன்று. ஊரார் விடியற்காலையில் வாசலில் நின்று, நல்ல வார்த்தை வர வேண்டுமே என்ற அச்சத்தோடு கேட்கும் வாக்கு அது. அந்த அச்சத்தைக் கவிஞர் தம் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சாதி ஒழியும், படித்தவன் பாவம் செய்தால் அழிவான் என்று சீர்திருத்தக்காரர் மேடையில் நின்று சொன்னால் மறுத்துப் பேசும் மனிதர், குறிசொல்லி சொன்னால் வாய் திறக்கமாட்டார்.

சொல்தேடி:
அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் சொற்குறிப்பில் இதைப் பின்வருமாறு எழுத எண்ணுகிறேன். கோணங்கி: பாகவத மேளா முதலிய கூத்துகளில் கதை தொடங்குமுன் தோன்றி, உடலைக் கோணி ஆடி, அவையை ஒழுங்குபடுத்தும் வேடம், அதன் நீட்சியாக, விகடம் செய்பவர் எவரும், தோற்ற ஒப்புமையால், குடுகுடுப்பை ஒலித்து வீடுதோறும் குறி சொல்லி வருபவர். பாரதியின் பாடலில் மூன்றாம் பொருள். கோடாங்கி என்பதற்குத் தனிக் குறிப்பு எழுதி, இரண்டும் ஒரே வேரின் கிளைகளாக இருக்கலாம் என்று சுட்டுவேன்.

வைகைக்கரை:
மூன்றாம் பொருளில் ‘தோற்ற ஒப்புமையால்’ என்று உறுதியாக எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். காவிரிக்கரையாள் அம்மாவின் வாதம் வலுவானதுதான், ஆனால் பாரதியின் காலச் சான்று ஒன்றே நம் கையில் இருக்கிறது. மேடையிலிருந்து தெருவுக்குப் பெயர் போயிற்றா, தெருவில் திரிந்த ஆட்டக்காரரைப் பார்த்து மேடைக்காரர்கள் அந்த வேடத்தை அமைத்தார்களா என்பதை அது காட்டவில்லை. ‘குடுகுடுப்பைக்காரர்’ என்று மட்டும் எழுதிவிட்டு, வழியைப் பற்றிய சொல்லை நீக்கிவிடுங்கள். கோடாங்கிக் குறிப்பில் உடுக்கையையும் பொருளாகச் சேர்க்க மறக்க வேண்டாம்.